நெம்புகோல் கணக்கு போடுவது எப்படி: பழனி மலையிலிருந்து ஐந்து கணக்குகள்

திருப்புத்திறன் என்றால் விசை × தூரம். பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் ஒரு மரக்கட்டையை இரண்டு பேர் தூக்கிப் போகிறார்கள், யார் தோளில் எவ்வளவு சுமை என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. எந்தெந்த விசைகளைக் கணக்கில் சேர்ப்பது, தூரத்தை எங்கிருந்து அளப்பது என்ற இரண்டு முடிவுகளையும் சூத்திரம் நமக்காக எடுத்துத் தருவதில்லை. அவற்றை நாம்தான் எடுக்க வேண்டும். எடுக்கப் பழகிவிட்டால் மீதி வெறும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

கணக்குகளைப் பழனி மலையிலிருந்தே எடுத்திருக்கிறேன். பூண்டு மூட்டை, சில்வர் ஓக் கட்டை, பாதையில் உருண்டு வந்த பாறை, டீக்கடைப் பலகை. புத்தகத்தில் வரும் 'ஒரு சீரான சட்டம்' என்பதும் இவைதான், அங்கே முகம் தெரியாமல் இருக்கும்.

இரண்டே விதிகள்

ஒரு பொருள் அசையாமல் நிற்கிறது என்றால் அதைப் பற்றி இரண்டு விஷயங்கள் உறுதி. மேல்நோக்கிய விசைகளின் கூடுதலும் கீழ்நோக்கிய விசைகளின் கூடுதலும் சமம் (இடவலமாக விசை இருந்தால் அங்கும் அப்படியே). அடுத்தது, ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், பொருளை வலஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும் திருப்புத்திறன்களின் கூடுதலும் இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும் திருப்புத்திறன்களின் கூடுதலும் சமம்.

எடை இரு மடங்கானால் தூரம் பாதியாக வேண்டும் என்பதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவிவிட்டார். நாம் இன்று போடும் கணக்கும் அதுதான்.

இரண்டாம் விதியில் 'ஏதாவது ஒரு புள்ளி' என்று இருக்கிறதே, அதை இன்னொரு முறை படியுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கம்பு உண்மையில் எதன்மேல் தாங்கி நிற்கிறதோ அந்த இடத்தில்தான் திருப்புத்திறன் எடுக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பொருள் எதைச் சுற்றியும் சுழலவில்லை. அதனால் எந்தப் புள்ளியைச் சுற்றியும் அது சுழலவில்லை என்று எழுதலாம். கம்பின் முனை, நடு, தோள், கம்புக்கு வெளியே உள்ள இடம், எதுவானாலும் சரி. ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு வேலை வாங்குவதில்லை. ஒரு புள்ளியில் மூன்று வரியில் விடை வரும், இன்னொன்றில் ஒரு பக்கம் ஓடும்.

முதலில் படம்

சூத்திரத்தைத் தொடும் முன் ஒரு கோடு போடுங்கள், அதுதான் கம்பு. அதைத் தொடும் ஒவ்வொன்றையும் தேடி அம்புக்குறி போடுங்கள். தொங்கும் மூட்டைக்குக் கீழ்நோக்கி ஒன்று, தாங்கும் தோளுக்கோ கல்லுக்கோ மேல்நோக்கி ஒன்று. கடைசியாக, கம்பைத் தொடாமலேயே இழுக்கும் ஒன்று உண்டு: அதன் சொந்த எடை. கம்பு முழுவதும் ஒரே தடிமனாக இருந்தால் அந்த அம்பு சரியாக நடுவில் விழும். 'எடையற்ற கம்பு' என்று கணக்கில் சொன்னால் மட்டும் அதை விட்டுவிடலாம்.

பிறகு ஒரு முனையைப் பூச்சியம் என்று குறித்து, ஒவ்வொரு அம்பும் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கோட்டின் கீழே எழுதுங்கள், ஸ்கேலில் எண் இருப்பதுபோல. இதைச் செய்பவர்களுக்குத் தூரத்தில் தவறு வருவது மிகக் குறைவு.

முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை நெம்புகோல் என்ற பிரிவு தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு உதவும். கணக்குப் போட அது தேவையே இல்லை, இங்கே விட்டுவிடுகிறேன்.

அலகு பற்றி ஒரு வார்த்தை. விசையின் அலகு நியூட்டன், 1 கிலோ எடை என்பது சுமார் 9.8 நியூட்டன். எல்லா விசைகளும் நேர் மேலோ நேர் கீழோ இருந்து, எல்லாவற்றையும் கிலோவில் கொடுத்திருந்தால், கிலோவிலேயே போட்டு முடிக்கலாம். 9.8 இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். சிலவற்றைக் கிலோவிலும் சிலவற்றை நியூட்டனிலும் வைத்துக் கூட்டுவதுதான் ஆபத்து.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் புவியீர்ப்பு குறையுமே, கணக்கு மாறாதா என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. குறையும், ஆனால் அந்த உயரத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு, குறைவது இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைவதால் தட்டுத் தராசுக்கு வித்தியாசமே தெரியாது. வில் தராசுக்குத்தான் தெரியும், அதுவும் மிக நுட்பமானதாக இருந்தால்.

கணக்கு 1: தோளில் ஒரு கம்பு, இரண்டு மூட்டை

1.8 மீட்டர் மூங்கில் கம்பு. பூம்பாறையில் வாங்கிய பூண்டு ஒரு முனையில் 24 கிலோ, மறுமுனையில் 12 கிலோ. கம்பின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். தோளை எங்கே கொடுத்தால் கம்பு சாயாமல் நிற்கும்?

தோள், கனமான முனையிலிருந்து 'த' மீட்டரில் இருக்கட்டும். தோளைப் புள்ளியாக எடுத்தால்:

24 × த = 12 × (1.8 − த)

36 × த = 21.6, அதனால் த = 0.6 மீட்டர்.

கனமான மூட்டை 60 செ.மீ. தள்ளி, இலேசான மூட்டை 120 செ.மீ. தள்ளி. எடை இரட்டிப்பு, தூரம் பாதி.

"சார், தோள் மேலே தூக்குகிற விசையை எழுதவே இல்லையே?"

"எழுதினால் என்ன வரும் சொல்லு. தோளிலிருந்து தோளுக்கு எவ்வளவு தூரம்?"

"பூச்சியம்."

"அவ்வளவுதான் தம்பி. 36 கிலோவானாலும் 360 கிலோவானாலும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம்."

நாம் எந்தப் புள்ளியைப் பிடிக்கிறோமோ, அதன் வழியாகப் போகும் விசை கணக்கிலிருந்து தானாகக் காணாமல் போகிறது. தெரியாத விசை ஒன்றைக் கழற்றிவிட வேண்டுமா? அது இருக்கும் இடத்தையே புள்ளியாக எடுங்கள்.

இப்போது கம்புக்கு 4 கிலோ எடை உண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்பு 0.9 மீட்டரில் விழும். இந்த முறை புள்ளியை மாற்றிப் பார்க்கலாம். கனமான முனையைப் பிடித்தால் 24 கிலோ கழன்றுவிடும். தோள் தாங்குவது மொத்தம் 24 + 12 + 4 = 40 கிலோ, மேல்நோக்கி. ஆகவே:

40 × த = (4 × 0.9) + (12 × 1.8) = 3.6 + 21.6 = 25.2

த = 0.63 மீட்டர். தோள் 3 செ.மீ. நடுப்பக்கம் நகர்கிறது. கம்பின் எடை நடுவில் இருப்பதால் சமநிலைப் புள்ளியை நடுவை நோக்கி இழுக்கும். விடை 0.57 என்று வந்திருந்தால், பெருக்கலைப் பார்க்காமலேயே தவறு என்று சொல்லிவிடலாம்.

சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பனுக்கும் இதே கணக்குதான். பழனி பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தாலே முருகன் மலையும் இடும்பன் மலையும் ஒரே அளவில்லை என்று தெரியும். தண்டின் நடுவில் தோள் கொடுத்திருக்க முடியாது.

கணக்கு 2: அண்ணனும் தம்பியும் தூக்கும் கட்டை

தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் நிற்கும். அப்படி ஒரு மரத்தில் அறுத்த 4 மீட்டர் கட்டை, எடை 60 கிலோ, முழுவதும் ஒரே தடிமன் என்று கொள்வோம். அண்ணன் ஒரு முனையில் தோள் கொடுக்கிறார். தம்பி மறுமுனையிலிருந்து 1 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறான். யாருக்கு எவ்வளவு?

குறிப்புகள்: அண்ணன் 0இல், கட்டையின் எடை 2இல், தம்பி 3இல், கட்டையின் முடிவு 4இல்.

தெரியாத விசைகள் இரண்டு. அண்ணன் தோளைப் புள்ளியாக எடுத்தால் அண்ணனின் விசை கழன்றுவிடும்:

தம்பி × 3 = 60 × 2

தம்பி = 40 கிலோ. மொத்தம் 60 என்பதால் அண்ணன் 20.

ஆளுக்குப் பாதி என்று நினைத்து வந்த தம்பியின் தோளில் அண்ணனைப்போல் இரட்டைச் சுமை. கட்டையின் நடுவுக்கு யார் அருகில் நிற்கிறாரோ அவருக்குத்தான் அதிகம். தம்பிகள் கவனிக்க.

விடை வந்ததும் நிறுத்தாதீர்கள். கணக்கில் பயன்படுத்தாத வேறொரு புள்ளியில் திருப்புத்திறனைச் சரிபாருங்கள். கட்டையின் நடுவை எடுத்தால் அண்ணன் 20 × 2 = 40, தம்பி 40 × 1 = 40. பொருந்துகிறது. அரை நிமிட வேலை, தேர்வறையில் இதைவிட நம்பகமான துணை கிடையாது.

சரி, போகிற வழியில் ஒரு மலைவாழைத் தாரையும் தம்பி பக்க முனையில் தொங்கவிடுகிறார்கள், 15 கிலோ. அது 4ஆவது மீட்டரில், தம்பிக்குப் பின்னால் இருக்கிறது. மறுபடியும் அண்ணன் தோளைப் பிடித்து:

தம்பி × 3 = (60 × 2) + (15 × 4) = 180

தம்பி = 60. மொத்தம் 75, ஆகவே அண்ணன் 15.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சுமை 15 கிலோ கூடியிருக்கிறது, அண்ணனின் பங்கோ 20இலிருந்து 15 ஆகக் குறைந்திருக்கிறது. தம்பிக்கு மட்டும் 20 கிலோ ஏறிவிட்டது. தாரின் எடையை எப்படிப் பிரிப்பது என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. தம்பியின் தோளைப் புள்ளியாக வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவு: கட்டையின் எடை ஒரு பக்கம் இழுக்கிறது, தார் எதிர்ப்பக்கம் இழுத்து அண்ணன் முனையை மேலே கிளப்புகிறது. அண்ணன் × 3 = (60 × 1) − (15 × 1) = 45, அண்ணன் = 15. அதே விடை.

அப்படியானால் அந்த முனையில் எவ்வளவு தொங்கவிட்டால் அண்ணனுக்குச் சுமையே இருக்காது? தம்பி தோளைச் சுற்றி, அண்ணன் = 0 என்று போடுங்கள்: 60 × 1 = சுமை × 1. 60 கிலோ. அந்த நிலையில் தம்பி 120 கிலோவையும் தனியாகத் தாங்குகிறான். கவிழும் எல்லையைக் கேட்கும் எல்லாக் கணக்கும் இப்படித்தான்: எந்தத் தாங்கி விடுபடப் போகிறதோ அதன் விசையைப் பூச்சியம் ஆக்கிவிட்டு, மிஞ்சும் தாங்கியைப் புள்ளியாக எடுக்க வேண்டும்.

75 கிலோ தொங்கினால்? அண்ணன் × 3 = 60 − 75 = −15, அண்ணன் = −5. கழித்தல் குறி வந்ததும் பலர் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். நாம் படத்தில் போட்ட அம்பு தலைகீழ் என்று கணக்கு சொல்கிறது, அவ்வளவுதான். அண்ணன் தாங்குவதற்குப் பதில் 5 கிலோ அளவுக்குக் கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். கையால் பிடித்தால் முடியும். தோள் கீழே இழுக்காது, கட்டை கவிழ்ந்துவிடும். விசையின் அளவைக் கணக்கு தரும், அதைக் கொடுக்க முடியுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு 3: ஒரே தடிமன் இல்லாத கட்டை

உண்மையான மரம் அடி பருத்து, நுனி சிறுத்திருக்கும். எடை எங்கே விழுகிறது என்று தெரியாது. கையில் 25 கிலோ வரை காட்டும் வில் தராசு இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

கட்டை 3 மீட்டர். தரையில் கிடக்கும் கட்டையின் பருத்த முனையைத் தராசில் மாட்டி, தரையைவிட்டு இலேசாகக் கிளம்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தராசு 24 காட்டுகிறது. கீழே வைத்துவிட்டு நுனியைத் தூக்கினால் 12. ஒரு முனையைத் தூக்கும்போது மறுமுனையைத் தரை தாங்குகிறது, அந்தப் பங்குதான் அடுத்த முறை தராசில் தெரிகிறது. ஆகவே மொத்த எடை 24 + 12 = 36 கிலோ. நுனியைத் தூக்கும்போது பருத்த முனை தரையில் இருக்கிறது, அதைப் புள்ளியாக எடுத்தால்:

12 × 3 = 36 × த

த = 1 மீட்டர். பருத்த முனையிலிருந்து 1 மீட்டரில் கயிறு கட்டினால் கட்டை கிடைமட்டமாகத் தொங்கும். 25 கிலோ தராசால் 36 கிலோ கட்டையை நிறுத்தும் விட்டோம்.

கணக்கு 4: கடப்பாரை

வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் பாறை உருண்டு கிடப்பது வழக்கம். சுமார் 180 கிலோ பாறை ஒன்றின் ஒரு விளிம்பை மட்டும் கிளப்ப வேண்டும். எதிர் விளிம்பு தரையில் ஊன்றியிருப்பதால், எடை நடுவில் விழும் பாறையானால் கடப்பாரை முனைக்கு வருவது பாதிதான். (ஏன் பாதி என்பதைக் கணக்கு 2இன் முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள்.) ஏறக்குறைய 900 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

கடப்பாரை 1.5 மீட்டர், அதன் எடை 80 நியூட்டன், அது முனையிலிருந்து 0.75 மீட்டரில் விழுகிறது. முனையிலிருந்து 0.15 மீட்டரில் கடப்பாரைக்கு அடியில் ஒரு சிறு கல், அதுதான் ஆதாரம். கை மறுமுனையில் அழுத்துகிறது. கல் எவ்வளவு தாங்குகிறது என்பது இப்போது தேவையில்லை, ஆகவே கல்லே புள்ளி.

பாறை: 900 × 0.15 = 135 நியூட்டன் மீட்டர், ஒரு பக்கம்.

எதிர்ப்பக்கம் கடப்பாரையின் எடை 80 × 0.6 = 48, கை × 1.35.

கை = (135 − 48) ÷ 1.35 = சுமார் 64 நியூட்டன்.

ஆறரை கிலோ எடையைக் கடப்பாரையின் மறுமுனையில் வைத்தால் போதும். எடையை மறந்திருந்தால் 100 என்று வந்திருக்கும். கனமான கடப்பாரை உதவுகிறது என்று பாதை வேலை செய்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இனி கல்லின் பங்கு வேண்டுமானால் முதல் விதி: 900 + 80 + 64 = 1,044 நியூட்டன். மண் நொறுங்கும் இடத்தில் சின்னக் கல்லை வைத்தால் அது உள்ளே புதைவது இதனால்தான்.

இதுவரை எல்லாம் நேர்கீழாக அழுத்தியது. கை சாய்வாக, கடப்பாரையோடு 30 பாகைக் கோணத்தில் அழுத்தினால்? தூரம் என்பது எப்போதும் புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம். அது 1.35 × சைன் 30 = 0.675 மீட்டராகப் பாதியாகிவிடும், தேவையான விசை 129 நியூட்டனாக இரட்டிக்கும். அந்த விசையில் பெரும்பங்கு கடப்பாரையை நீளவாக்கில் தள்ளுவதில் போகிறது. கல்லின் உராய்வு அதைத் தாங்காவிட்டால் கடப்பாரை வழுக்கும். பாறைக்கு அடியில் கையையோ காலையோ விட்டுக்கொண்டு இந்தக் கணக்கைச் சோதிக்க வேண்டாம்.

கணக்கு 5: டீக்கடைப் பலகை

இதை முதலில் நீங்களே போட்டுவிட்டுக் கீழே படியுங்கள். பெருமாள்மலையில் ஒரு டீக்கடை வாசலில் 2.4 மீட்டர் பலகை, 18 கிலோ. இரண்டு முனையிலிருந்தும் 40 செ.மீ. உள்ளே தள்ளிப் பக்கத்துக்கு ஒரு கல். பலகையைக் கல்லோடு எதுவும் பிணைக்கவில்லை. பலகை காலியாக இருக்கும்போது 60 கிலோ ஆள் வந்து ஓரத்தில் உட்கார்ந்தால் பலகை கவிழுமா? கவிழாமல் இருக்கக் கல்லை எங்கே வைக்க வேண்டும்?

கவிழும் எல்லையில் தூரத்துக் கல் விடுபடும். அருகில் உள்ள கல் புள்ளி. பலகையின் எடை அந்தக் கல்லிலிருந்து 1.2 − 0.4 = 0.8 மீட்டர்.

60 × த = 18 × 0.8 = 14.4, த = 0.24 மீட்டர்.

கல்லைத் தாண்டி 24 செ.மீ. வரை உட்காரலாம். ஓரம் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஆகவே ஓரத்தில் உட்கார்ந்தால் கண்ணாடி டம்ளரோடு கீழேதான். ஓரத்தில் தாங்கும் எடை 14.4 ÷ 0.4 = 36 கிலோ, பள்ளிப் பிள்ளைகள் மட்டும் உட்காரலாம்.

கல்லை ஓரத்திலிருந்து 'க' மீட்டரில் வைத்தால், 60 × க = 18 × (1.2 − க). 78 × க = 21.6, க = சுமார் 0.277 மீட்டர். 25 செ.மீ.க்குக் கல்லை நகர்த்தினால் ஒருவருக்குப் போதும். அதே ஓரத்தில் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள் என்றால் 120 × க = 18 × (1.2 − க), க = சுமார் 0.157. கல்லை 15 செ.மீ.க்கே தள்ளிவிடுங்கள்.